நம் பக்கம் ஆடியது பேட்மிண்டனா, ஷட்டிலா? அப்பாவின் பேட்டும் ஒரு சந்தேகமும்

பவானிக்கரை, கோபி:

வணக்கமுங்க. போன ஞாயிறு அட்டாலியைச் சுத்தம் செய்தபோது அப்பாவின் பழைய பேட் கிடைத்தது. சாக்கில் சுற்றி, நான்கு மூலையிலும் பட்டாம்பூச்சி நட்டு போட்ட மரப் பிரஸ்ஸுக்குள் இறுக்கி வைத்திருந்தார். நட்டுகள் துருப்பிடித்துக் கிடந்தன. தேங்காய் எண்ணெய் விட்டு அரை மணி நேரம் ஊறவைத்த பிறகுதான் கழன்றன. உள்ளே இருந்த பேட் கொஞ்சம்கூடக் கோணவில்லை. கைப்பிடித் தோல் மட்டும் கட்டைவிரல் படும் இடத்தில் கறுத்துத் தேய்ந்திருந்தது. நாலைந்து நரம்பு அறுந்திருந்தது. மீதி நரம்புகளின் முடிச்சுகளில் மஞ்சள் கம்பளி நூல் தூசியாக ஒட்டிக்கொண்டு இருந்தது.

என் மகள் ஏழாவது படிக்கிறாள். வாரம் நான்கு நாள் இன்டோர் கோர்ட்டுக்குப் பயிற்சிக்குப் போகிறாள். அவள் அதை வாங்கி ஒரு வீசு வீசிவிட்டு, "என்னப்பா இவ்வளவு கனம்?" என்றாள். சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். அவள் பேட் 85 கிராம், இது 180 கிராம். கட்டிலில் படுத்திருந்த அப்பா எழுந்து உட்கார்ந்து சொன்னார்: "அது பேட்மிண்டன் பேட் கண்ணு. நீ ஆடுறது ஷட்டில்."

எனக்கு இது பிடிபடவில்லை. உலகம் முழுக்க பேட்மிண்டன் என்றால் இறகுப்பந்துதானே? அப்பா காலத்தில் எங்கள் ஊரில் தினமும் சாயங்காலம் ஐந்து பேருக்கு ஐந்து பேர் ஆடினார்களாம். அந்த இடத்தில் இப்போது சந்தை நாளில் வண்டி நிறுத்துகிறார்கள். அந்த ஆட்டம் ஏன் நம் கொங்குப் பக்கம் அப்படி ஊன்றி நின்றது, ஏன் போனது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய பி.டி. மாஸ்டர், பெருந்துறை:

அப்பா சொன்னது சரிதான் தம்பி. எங்கள் காலத்தில் பேட்மிண்டன் என்றாலே கம்பளிப் பந்து ஆட்டம்தான். பள்ளிக்கூடப் பதிவேட்டில் பூப்பந்து என்று எழுதுவோம், வாயில் பேட்மிண்டன் என்போம். இறகு வைத்தது ஷட்டில். இரண்டையும் யாரும் குழப்பிக்கொண்டதில்லை. டிவியில் இறகுப்பந்தைப் பேட்மிண்டன் என்று சொல்லத் தொடங்கியபோதுதான் பிள்ளைகள் குழம்பினார்கள்.

கோர்ட் 24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம். வலை ஆள் உயரத்துக்கு 1.83 மீட்டர். முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர், நடுவில் ஒருத்தர். அந்த சென்டர் ஆள்தான் அணியின் உயிர். சர்வீஸ் இடுப்புக்குக் கீழேதான் அடிக்க வேண்டும். அப்போது 29 பாயிண்ட் எடுத்தால் ஒரு கேம், இப்போது 35 ஆக்கிவிட்டார்கள்.

கோர்ட் போடுவதே ஒரு வேலை. மூன்று மணிக்கே பையன்கள் கிணற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து மண்ணில் தெளிப்பார்கள். புழுதி அடங்கிய பிறகு கயிறு பிடித்து, ஓட்டை போட்ட டப்பாவில் சுண்ணாம்புப் பொடியைத் தட்டிக்கொண்டே கோடு இழுப்போம். நான் முப்பது வருஷம் அந்தக் கோட்டை இழுத்திருக்கிறேன். இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு 24 மீட்டர் நடந்து காட்டுவேன்.

நூல்காரன், திருப்பூர்:

மாஸ்டர் ஐயா, அந்தப் பந்தைப் பற்றியும் எழுதுங்கள். சின்ன வயதில் பொறுக்கிப்போட மட்டும் விட்டார்கள், அடிக்க விடவில்லை. கையில் எடுத்தால் கோழிக்குஞ்சைப் பிடித்த மாதிரி இருக்கும்.

பழைய பி.டி. மாஸ்டர், பெருந்துறை:

மஞ்சள் கம்பளி நூலைச் சுற்றிச் சுற்றிக் கட்டிய பந்து. ஐந்து சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட விட்டம், எடை முப்பது கிராமுக்குள் இருக்கும். புதுப் பந்து வழுக்கிக்கொண்டு வேகமாகப் போகும். பத்து நிமிஷம் அடித்த பிறகு நூல் பூத்து மெத்தென்று ஆகும். அப்போதுதான் கட் அடித்தால் வலையைத் தாண்டியதும் செத்து விழும். நல்ல ஆட்டக்காரன் பந்தைக் கையில் உருட்டிப் பார்த்தே எந்த அடி எடுபடும் என்று சொல்லிவிடுவான். பந்து பூத்து நிற்பதைப் பார்த்துத்தான் பூப்பந்து என்ற பெயர் வந்தது என்று எனக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர் சொல்வார்.

ஏடுபுரட்டி, கோவை:

வரலாற்றுப் பக்கத்தை நான் கொஞ்சம் சேர்க்கிறேன். பவானிக்கரை கேட்ட கேள்விக்கு அதில் பாதிப் பதில் இருக்கிறது.

தட்டையான மட்டையால் இறகுப்பந்தைக் கீழே விழாமல் தட்டுவது ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் பழைய விளையாட்டு. அதில் வலை கிடையாது, தோற்கடிப்பதும் கிடையாது. நடுவில் ஒரு கயிறு கட்டி இரண்டு பக்கமாகப் பிரிந்து எதிராளி எடுக்க முடியாதபடி அடிப்பது என்ற மாற்றம் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்தது. இங்கிலாந்தில் குளோஸ்டர்ஷயர் மாவட்டத்தில் போஃபர்ட் பிரபுவின் மாளிகைக்குப் பெயர் பேட்மிண்டன் ஹவுஸ். ஆட்டத்தின் பெயர் அந்த வீட்டின் பெயர்தான். ஆனால் விதிகள் எழுதி ஆடியதில் பூனாவுக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே பட்டாளத்தில் இருந்த வெள்ளைக்கார அதிகாரிகள் 1873 வாக்கில் விதிகளை எழுதினார்கள். ஆட்டத்தையே கொஞ்ச காலம் 'பூனா' என்றுதான் கூப்பிட்டார்கள். ஊர் திரும்பியவர்கள் 1875 வாக்கில் ஃபோக்ஸ்டனில் ஒரு கிளப் தொடங்கினார்கள். 1893இல் இங்கிலாந்தில் சங்கம், 1899இல் முதல் ஆல் இங்கிலாந்து போட்டி, 1934இல் ஒன்பது நாடுகள் சேர்ந்து உலகச் சம்மேளனம். இந்தியா அதில் 1936இல் சேர்ந்தது. 1901 வரை கோர்ட் நீள்சதுரமே இல்லை, உடுக்கை மாதிரி நடுவில் குறுகி இருந்தது.

இனி நம் கேள்விக்கு வருகிறேன். பூனாவில் காற்று அடிக்கும் நாளிலும் மழை ஈர நாளிலும் இறகுப்பந்தை வைத்துவிட்டு கம்பளி உருண்டையால் ஆடினார்கள். அங்கே இரண்டும் ஒரே ஆட்டம்தான், பந்து மட்டும்தான் வேறு. கம்பளிப் பந்து ஆட்டத்தைத் தஞ்சாவூர் அரண்மனைக் குடும்பம் 1856 வாக்கிலேயே ஆடியதாகச் சொல்வதும் உண்டு. ஆகவே அப்பாவும் மகளும் ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு ஆட்டத்தைத்தான் ஆடுகிறார்கள்.

மில்கேட், சிங்காநல்லூர்:

இதெல்லாம் சரி. பூப்பந்து ஒலிம்பிக்கில் இல்லை, டிவியில் இல்லை, ஆடினால் பேர் கிடையாது. அதனால் போய்விட்டது. இதற்குப் பூனா வரை போக வேண்டுமா?

காற்றாலைப் பக்கம், உடுமலை:

மில்கேட் அண்ணா, போனதற்கு நீங்கள் சொல்வது காரணமாக இருக்கலாம். ஆனால் முதலில் ஏன் நின்றது என்பதற்கு அது பதில் ஆகாது. அதற்கு வாசலில் வந்து நின்று பார்த்தால் போதும்.

நான் உடுமலைக்குத் தெற்கே தோட்டத்தில் இருக்கிறேன். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் மலை இல்லாத வாசல் ஒன்று இருக்கிறது, பாலக்காட்டுக் கணவாய். முப்பது, நாற்பது கிலோமீட்டர் அகலம். தென்மேற்குக் காற்று முழுக்க அந்த வாசல் வழியாகத்தான் நம் மேல் வந்து விழுகிறது. வைகாசிக் கடைசியில் தொடங்கினால் ஆவணி தாண்டும் வரை ஓயாது. பல்லடம், கேத்தனூர், உடுமலை என்று இத்தனை காற்றாலை நிற்பது சும்மா இல்லை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற ஊரில் ஷட்டில் காக் என்கிற இறகுப்பந்தை எங்கே வைத்து அடிப்பது?

காக்கின் எடையைப் பாருங்கள்: 4.74இலிருந்து 5.50 கிராம். பதினாறு இறகு. அந்த இறகுப் பாவாடை காற்றைப் பிடித்து நிறுத்துவதற்கென்றே செய்தது. அதனால்தான் அடித்தவுடன் பாய்ந்து போய், எதிர்க்கோட்டுக்குப் பக்கத்தில் சோர்ந்து விழுகிறது. 2023இல் நம் நாட்டு ஆட்டக்காரர் சாத்விக்சாய்ராஜ் ஓங்கி அடித்த ஸ்மாஷ் மணிக்கு 565 கிலோமீட்டர் என்று கின்னஸில் பதிவானது. அது பேட்டை விட்டுக் கிளம்பும் நொடியின் வேகம். அந்த வேகத்தைச் சில மீட்டருக்குள் அடக்குகிற பொருள் காற்றில் என்ன பாடு படும்? எங்கள் களத்தில் நாங்கள் ஆடிப் பார்த்திருக்கிறோம். மேற்கே பார்த்து நான் அடித்த காக் வலையைத் தொடாமல் என் தலைக்கு மேலேயே திரும்பி வந்து பின்னால் விழுந்தது.

கம்பளிப் பந்து அதைப்போல ஐந்து மடங்குக்கு மேல் கனம், உருண்டை, காற்றுப் பிடிக்கப் பாவாடை இல்லை. காற்று தள்ளும், ஆனால் தூக்கிக்கொண்டு போகாது. பூனாவும் மேற்கு மலைக்குக் கிழக்கே இருக்கிற ஊர்தான். அங்கே என்ன காரணத்துக்குக் கம்பளி உருண்டையை எடுத்தார்களோ அதே காரணம்தான் இங்கேயும் அதை வைத்திருந்தது. இது என் எண்ணம்.

பழைய பி.டி. மாஸ்டர், பெருந்துறை:

உடுமலைத் தம்பி, மனதில் இருந்ததை எடுத்து எழுதிவிட்டாய். நாங்கள் கோர்ட்டைக் கிழமேற்காகப் போட மாட்டோம், வடக்குத் தெற்காகத்தான். வெயில் கண்ணில் அடிக்கக் கூடாது என்பது ஒரு காரணம், காற்று பக்கவாட்டில் போகட்டும் என்பது இன்னொன்று. அப்படியும் ஆடி மாதக் குறுவட்டப் போட்டியில் காற்று சுழன்று அடிக்கும். டாஸ் ஜெயித்தால் பையன்கள் சர்வீஸ் கேட்பார்கள், நான் சைடு கேட்கச் சொல்வேன். முதல் கேமில் காற்றுக்கு எதிராக ஆடிப் பழகிவிட்டால் அடுத்ததில் கை தானாக நிற்கும். காற்றை அறிந்து ஆடுவது அந்த ஆட்டத்தில் பாதி. கதவைச் சாத்திக்கொண்டு ஆடும் ஆட்டத்தில் அது இல்லை. வருத்தமாகத்தான் இருக்கிறது. ஊர் நடுவில் யாரும் வந்து நின்று பார்த்த ஆட்டம் போய், மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் ஆட்டம் வந்துவிட்டது.

காங்கேயத்து அம்மிணி:

மாஸ்டர் ஐயா, உங்கள் மேல் மரியாதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். யாரும் வந்து நின்று பார்த்த ஆட்டம் என்கிறீர்கள். அந்த யாரும் என்பதில் நாங்கள் இருந்தோமா?

எங்கள் ஊரிலும் பள்ளிக்கூடத்துக்கு எதிரில் பூப்பந்து கோர்ட் இருந்தது. நான் தினமும் பால் சொசைட்டிக்குத் தூக்குப் போசியோடு அந்த வழியாகத்தான் போவேன். ஓரமாக நடந்து போவேன், நின்று பார்த்ததில்லை. என் அம்மாவும் பார்த்ததில்லை. பள்ளியில் பெண் பிள்ளைகளுக்கு அணி இருந்தது, பத்தாவதோடு அது முடிந்தது. அதற்கு மேல் ஊர் மைதானம் ஆண்களுடையது. யாரும் வரக் கூடாது என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் இருந்தது.

இப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. எங்கள் டவுனில் பழைய விசைத்தறி ஷெட் ஒன்றில் இரண்டு கோர்ட் போட்டார்கள். காலை ஐந்தரைக்கு நாங்கள் ஆறு பெண்கள் போகிறோம். கதவைச் சாத்திக்கொள்கிறோம். ஆமாம், காற்றுக்காகத்தான் சாத்துகிறோம், ஆனால் அந்தக் கதவு எங்களுக்கு வேறு விதத்திலும் உதவுகிறது. உத்தரம் தாழ்வாக இருப்பதால் லிஃப்ட் அடித்தால் தகரத்தில் முட்டும். ஆனாலும் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு மணி நேரம் யார் பார்க்கிறார்கள் என்று நினைக்காமல் ஓடினேன். காசு கொடுத்துத்தான். அந்தக் காசு எனக்குக் கனமில்லை.

ஏடுபுரட்டி, கோவை:

அம்மிணி எழுதியதோடு ஒரு தகவலைச் சேர்த்துப் பாருங்கள். 1899இல் நடந்த முதல் ஆல் இங்கிலாந்து போட்டியில் மூன்றே பிரிவுகள்: ஆண்கள் இரட்டையர், பெண்கள் இரட்டையர், கலப்பு இரட்டையர். ஒற்றையர் அடுத்த வருஷம்தான் சேர்ந்தது. பெண்கள் பிறகு வந்து சேர்ந்தவர்கள் இல்லை, முதல் நாளே கோர்ட்டில் இருந்தார்கள். இந்தியாவுக்கு ஒலிம்பிக்கில் பேட்மிண்டன் பதக்கம் கொண்டுவந்ததும் பெண்கள்தான்: 2012இல் சாய்னா வெண்கலம், 2016இல் சிந்து வெள்ளி, டோக்கியோவில் மறுபடி சிந்துவுக்கே வெண்கலம்.

பழைய பி.டி. மாஸ்டர், பெருந்துறை:

அம்மிணி, இரண்டு நாளாக யோசித்துவிட்டு எழுதுகிறேன். நீ சொல்வது உண்மை. என்னிடம் ஒன்பதாவது படித்த ஒரு பெண் சென்டரில் ஆடினாள். அப்படி ஒரு கையை ஆண் பிள்ளைகளிடம்கூட நான் பார்த்ததில்லை. பள்ளி முடிந்ததும் அவள் எங்கே ஆடுவாள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. சாயங்காலம் ஊர் கோர்ட்டில் நானும்தான் ஆடிக்கொண்டிருந்தேன். அவளைக் கூப்பிட வேண்டும் என்று தோன்றவே இல்லை. காற்றைப் பற்றி இத்தனை எழுதினேன், இதை எழுதவில்லை.

ஓசூர் ரோடு:

ஓசூர் கொங்கில் சேர்த்தியா என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். எங்கள் ஓசூர்ப் பெண் நித்யஸ்ரீ சுமதி சிவன் 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் எஸ்எச்6 பிரிவில் வெண்கலம் வாங்கினார். உயரம் குறைந்தவர்களுக்கான பிரிவு அது. பதக்க ஆட்டத்தில் 21-14, 21-6. பாராலிம்பிக்கில் பேட்மிண்டன் சேர்ந்ததே டோக்கியோவிலிருந்துதான். அந்தப் பிரிவில் ஆடுபவர்கள் கோர்ட்டைக் கடக்க எத்தனை அடி கூட வைக்க வேண்டும் என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்.

மில்கேட், சிங்காநல்லூர்:

ஷெட், குடோன் என்றதும் நினைவுக்கு வருகிறது. பிரகாஷ் படுகோன் பெங்களூரில் ஆடிப் பழகியது ஒரு கல்யாண மண்டபத்தில். முகூர்த்த நாளில் ஆட்டம் கிடையாது. அங்கிருந்து போய்த்தான் 1980இல் ஆல் இங்கிலாந்து இறுதியில் இந்தோனேசியாவின் லியம் ஸ்வீ கிங்கை 15-3, 15-10 என்று ஜெயித்தார். அப்புறம் 2001இல் கோபிசந்த். நம் ஊரில் மண்டபத்துக்கா பஞ்சம்? வைகாசி முகூர்த்தம் முடிந்தால் ஆடியில் எல்லாம் பூட்டித்தான் கிடக்கிறது. காற்றும் அப்போதுதான். நான் முதலில் சொன்னதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். இடமும் காரணம், காற்றும் காரணம்.

நூல்காரன், திருப்பூர்:

ஷட்டிலில் எங்களுக்குச் செலவு பேட்டில் இல்லை, காக்கில்தான். ஒரு வாத்திலிருந்து உதவுகிற இறகு கொஞ்சம்தான், ஒரு காக்கின் பதினாறும் ஒரே பக்கச் சிறகிலிருந்து வந்தால்தான் நேராகச் சுழலும். சீனாவில் வாத்து வளர்ப்பு குறைந்ததில் விலை ஏறிப்போனது. கோடையில் நம் பக்கத்து வறட்டுக் காற்றுக்கு இறகு அப்பளம் மாதிரி நொறுங்குகிறது, இரண்டு ஸ்மாஷில் ஒரு காக் போய்விடும். யாராவது வழி சொல்லுங்கள்.

காங்கேயத்து அம்மிணி:

முந்தின நாள் ராத்திரி ஆவி காட்டுங்கள் அண்ணா. இட்லிக் குண்டாவில் தண்ணீர் கொதித்ததும் மூடியைக் கொஞ்சம் நகர்த்தி, காக் அடுக்கிய டியூப்பின் இரண்டு முனையும் திறந்து, ஆவி உள்ளே ஏறுகிற மாதிரி பிடியுங்கள். ஐந்து, பத்து எண்ணும் நேரம் போதும். கார்க்குப் பக்கம் அதிகம் படக் கூடாது, பிசின் இளகிவிடும். உடனே மூடி, நிறுத்தி வைத்துவிடுங்கள். காலையில் எடுத்தால் இறகின் தண்டு விரலுக்கு வளைந்து கொடுக்கும். என் மாமியார் முதலில் ஒரு மாதிரி பார்த்தார். இப்போது "டப்பாவை ஆவி காட்டியாச்சா?" என்று அவரே கேட்கிறார்.

பவானிக்கரை, கோபி:

எல்லோருக்கும் நன்றிங்க. நான் கேட்டது ஒன்று, கிடைத்தது அதற்கு மேல்.

நேற்று அறுவடை முடிந்த களத்தில் கோடு போட்டேன். மாஸ்டர் சொன்னபடி வடக்குத் தெற்காக, டப்பாவில் சுண்ணாம்பு தட்டி. 24 மீட்டருக்குக் களம் போதவில்லை, பதினெட்டில் நிறுத்திக்கொண்டோம். கம்பளிப் பந்து எங்கும் கிடைக்கவில்லை. அம்மா பழைய மஞ்சள் ஸ்வெட்டரைப் பிரித்துச் சுற்றிக் கொடுத்தார். அப்பா நாற்காலியை வலைக்குப் பக்கத்தில் போடச் சொல்லி உட்கார்ந்தார். மகள் தன் ஷட்டில் பேட்டில் அடித்தாள், நரம்பு உடையும் என்று அவரே தடுத்து, தன் பேட்டைக் கொடுக்கச் சொன்னார். நாலைந்து நரம்பு இல்லாத பேட். இரண்டு கையால் பிடித்து அடித்தாள்.

அம்மிணி எழுதியதை வீட்டில் படித்துக் காட்டியிருந்தேன். அதனால் அம்மாவைக் கூப்பிட்டேன். "நான் எங்கேடா ஆடினேன்" என்றார். பிறகு சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு வந்தார். அறுபத்தெட்டு வயது. மூன்றாவது பந்தை அடித்துவிட்டார், வலை தாண்டிப் போய் அப்பா காலடியில் விழுந்தது. அப்பா குனிந்து எடுத்து, கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் பூக்கலை, ஒரு பத்து நிமிஷம் அடிங்க" என்றார்.

ஸ்வெட்டர் நூல் பந்து அதற்குள் பிரிந்துவிட்டது. மாஸ்டர் ஐயா, உங்களிடம் நல்ல பந்து இருக்குங்களா?

பழைய பி.டி. மாஸ்டர், பெருந்துறை:

நான்கு இருக்கிறது தம்பி. கோபி பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்து விடுகிறேன், வியாழக்கிழமை காலை ஸ்டாண்டில் வாங்கிக்கொள். பேட்டையும் ஒரு நாள் கொண்டு வா, நரம்பு போட ஆள் எனக்குத் தெரியும். அம்மாவுக்கு அந்தக் கனம் வேண்டாம், இலேசான பேட் ஒன்று என்னிடம் இருக்கிறது, அதையும் சேர்த்து அனுப்புகிறேன்.